அறுபதாம் கல்யாணத்தில் ஒரு டேனியப் பாட்டு

1

டென்மார்க்கைப் பற்றிப் பொது அறிவு மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்கள், நம் பிள்ளைகள் படிக்கட்டும் என்று ஊர் இதழ்க்காரர் ஒருவர் போன மாதம் கேட்டார். அப்போது உற்சாகமாகத் தலையாட்டிவிட்டேன். இப்போது மலேசியாவுக்கு வந்து, ஜார்ஜ்டவுனில் ஒரு ஹோட்டல் அறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அவருடைய அறுபதாம் கல்யாண விருந்து முடிந்ததிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு விமானம். அவர் பேசாமலேயே நான் ஏறிவிடுவேனோ என்ற பயத்தில் டென்மார்க்கின் தலைநகரம்கூட மறந்துவிடும் போலிருக்கிறது.

இருந்தாலும் ஒப்புக்கொண்ட வேலை. டென்மார்க் சின்ன நாடு. நானூறுக்கும் மேல் தீவுகள், பெரும்பாலானவற்றில் ஆள் கிடையாது. நாடு முழுக்கத் தட்டை. ஒரு குன்றுக்கு 'வானமலை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நம் கொடிமலையில் கால்வாசி உயரம்கூட வராது. என் கணவர் ஹென்ரிக் முதல்முறை அங்கே கூட்டிப்போனபோது, உச்சிக்கு வந்துவிட்டோம் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவர்களுடைய ராஜாக்களுக்குப் பல நூற்றாண்டுகளாக இரண்டே பெயர்கள், கிறிஸ்டியான், ஃபிரெடெரிக், மாறி மாறி. தேசியக் கொடி ஒரு போரின் நடுவே வானத்திலிருந்து விழுந்ததாம். அந்தக் கொடியைப் பிறந்தநாள் கேக்கில் குத்துவார்கள், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவார்கள், ஊருக்குப் போய்த் திரும்பும் மகனை வரவேற்க விமான நிலையத்தில் ஆட்டிக்கொண்டு நிற்பார்கள்.

இதெல்லாம் குடியுரிமைத் தேர்வுக்காகப் படித்தது. தேறியும் விட்டேன். ஆனால் அந்த நாட்டுக் கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், வேண்டுமென்றால் மலேசியக் கடப்பிதழைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், நம் நாட்டில் இரண்டு வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. விண்ணப்பத்தைப் பாதிவரை நிரப்பிவிட்டு அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன். ஏன் தொடங்கினேன் என்றும் தெரியவில்லை, ஏன் நிறுத்தினேன் என்றும் தெரியவில்லை.

அந்தத் தேர்வுப் புத்தகத்தை ஒழுங்காகத்தான் படித்தேன். அதில் பிறந்தநாள் பாட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. என் அண்ணன் பேசாமல் இருப்பதற்குக் காரணம் அந்தப் பாட்டு.

2

டேனியர்கள் அமைதியான ஆட்கள். பேருந்தில் பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டு, யாரும் வந்து உட்கார்ந்துவிடக் கூடாதே என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். ஆனால் ஐம்பது, அறுபது, எழுபது என்று வயது முழுசாக வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார்கள். மண்டபம் பிடித்து, மெழுகுவத்தி ஏற்றி, ஆளாளுக்கு எழுந்து பேசுவார்கள். அதில் முக்கியமான அயிட்டம் பாட்டு. எல்லாருக்கும் தெரிந்த ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, பிறந்தநாள்காரரைப் பற்றிக் குடும்பத்தாரே வரிகள் எழுதி, அச்சடித்து, ஆளுக்கொரு தாள் கொடுத்துவிடுவார்கள். எல்லாரும் சேர்ந்து பாட வேண்டும். புகழ்ச்சி இருக்காது. குறட்டை, கஞ்சத்தனம், வழி தெரியாமல் காரை வயலுக்குள் விட்டது, எல்லாம் வரும். எவ்வளவு கிண்டலோ அவ்வளவு பாசம் என்பது அவர்கள் கணக்கு.

என் மாமனாருக்கு எழுபது ஆனபோதுதான் இதை முதலில் பார்த்தேன். அவருடைய கஞ்சத்தனத்துக்கு மட்டும் இரண்டு சரணம். பெரியவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்து நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்று நன்றி சொன்னார். பிறகு அந்தத் தாளைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்.

எனக்கு ஐம்பது வந்தபோது எனக்கும் பாடினார்கள். விமலா வீட்டு ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கிரீம் இருக்காது, சாம்பார்தான் இருக்கும் என்று ஒரு சரணம். விழுந்து விழுந்து சிரித்தேன். பாடாமல் விட்டிருந்தால் அழுதிருப்பேன். இந்த மாற்றம் எனக்குள் எந்த வருஷம் நடந்தது என்று யாராவது சொன்னால் தேவலை.

என் மகள் மாயா அங்கேயே பிறந்தவள், பத்தொன்பது வயது. பள்ளி முடிந்ததும் தனி அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே அது வழக்கம். "என்னா சண்டை?" என்று அண்ணி போனில் கேட்டார். சண்டை எதுவும் இல்லை என்று நான் சொன்னதை இன்றுவரை அவர் நம்பவில்லை. அம்மாவைப் பார்க்க வருவதென்றால் மாயா முன்கூட்டியே நாள் கேட்டு மெசேஜ் அனுப்புவாள். நானும் நாட்காட்டியைப் பார்த்துப் பதில் போடுவேன்.

அப்படிப்பட்ட பெண், மாமாவின் அறுபதுக்கு நானே பாட்டு எழுதுகிறேன், அதுவும் தமிழில் எழுதுகிறேன் என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மெட்டு ஒரு பழைய சினிமாப் பாட்டு, மாமா காரில் எப்போதும் ஓடுவது. மாயா போன் வழியாக அண்ணியிடம் துப்புத் துலக்கி விஷயங்களைச் சேகரித்தாள். நான் எழுத்துப்பிழை திருத்தினேன். இரண்டு பேரும் படித்துப் படித்துச் சிரித்தோம். இதில் ஒரு தப்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

3

அண்ணன் குணசேகரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிம்பாங் அம்பாட்டில். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் எனக்கு அண்ணனும் அவர்தான், அப்பாவும் அவர்தான். என்னைப் படிக்க வைத்தது, வேலைக்கு அனுப்பியது, இயந்திரம் பொருத்த வந்த டென்மார்க் பொறியாளரைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது உறவுக்காரர்கள் வாயை அடைத்தது, எல்லாம் அவர்தான்.

காலையில் கோயிலில் கலச நீராட்டு, மாலை மாற்றுதல், அண்ணிக்கு மறுபடியும் தாலி. எல்லாம் குறையில்லாமல் நடந்தது. மாலையில் ஜார்ஜ்டவுனில் ஒரு மண்டபத்தில் விருந்து. சாப்பாட்டுக்கு முன்னால் மாயா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேசை மேசையாகப் போய்த் தாள் கொடுத்தாள். பிறகு மைக்கைப் பிடித்து, "எல்லாரும் கொஞ்சம் எழுந்து நில்லுங்க" என்றாள். பெரியவர்கள் உட்பட எழுந்தார்கள். தேசிய கீதம் என்று நினைத்திருப்பார்கள்.

"மாமா காடி நல்ல காடி,
ரெண்டு பேரு தள்ள ஓடும்!"

அண்ணனுடைய காரைத் தள்ளிப் பழகிய தொழிற்சாலை நண்பர்கள் உட்கார்ந்திருந்த மேசையில் சிரித்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"டுரியான் வாங்க பாலிக் புலாவ்
போயி மோந்து பார்ப்பாரு,
வெலையக் கேட்டு வீடு வந்து
வாழைப்பழம் தின்பாரு!"

இதற்குச் சிரிப்பு குறைந்தது. சிலர் அண்ணன் முகத்தைப் பார்த்தார்கள். மூன்றாவது சரணம்:

"டென்மார்க் எப்போ போறீங்கன்னா
அடுத்த வருஷம் என்பாரு,
பாஸ்போர்ட் புதுசா எடுப்பாரு,
பெட்டி மட்டும் கட்ட மாட்டாரு!"

யாரும் பாடவில்லை. மைக்கில் மாயா, கீழே நான், மண்டபத்தில் இரண்டே குரல். அண்ணன் மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாளை நிதானமாகக் கவிழ்த்து வைத்து அதன் மேல் தண்ணீர்க் குவளையை வைத்தார். பாட்டு முடிந்தால் மும்மூன்றாக ஒன்பது தடவை 'ஹுர்ரா' போடுவது டேனியர் வழக்கம். மாயா ஒன்பதையும் தனியாகப் போட்டாள். அறிவிப்பாளர் மைக்கை வாங்கி, "நன்றி, நன்றி, சாப்பாடு தயாரா இருக்கு" என்றார்.

ஹோட்டலுக்குத் திரும்பும் வழியில் மாயா கேட்டாள்.

"மாமாவுக்கு ரொம்பப் பிடிச்சுதா? ஏன் அவர் நாற்காலி மேல ஏறல?"

அவள் ஆசை ஆசையாக எழுதிய பாட்டு. அதைப் பாசம் என்று சொல்வதா, அவமானம் என்று சொல்வதா என்று எனக்கே விளங்கவில்லை. இரண்டு பக்கத்து நியாயமும் தெரிந்தவள் என்று என்னைப் பற்றி ஒரு நினைப்பு இருந்தது. அது அன்றோடு போயிற்று.

4

மறுநாள் போன் செய்தேன். "குளிக்கிறாரு" என்றார் அண்ணி. பிற்பகலில் செய்தேன். அப்போதும் குளித்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த நாள் கோயிலுக்குப் போயிருந்தாராம், ஆனால் பின்னால் அவருடைய காரின் ஹார்ன் சத்தம் கேட்டது.

அறையில் உட்கார்ந்து, டென்மார்க்கில் என் முதல் வருஷத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்கார அம்மா ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்து, கோப்பி குடிக்கிறாயா என்றார். நம் வழக்கப்படி, ஐயோ வேண்டாம், எதற்குச் சிரமம் என்றேன். சரி என்று தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு என் முன்னாலேயே குடித்தார். வெளியே பனி கொட்டுகிறது, கோப்பி மணம் மூக்கைத் துளைக்கிறது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து ஹென்ரிக்கிடம் பொரிந்து தள்ளினேன். அவருக்கு விஷயமே புரியவில்லை. "நீ வேண்டாம் என்றாயே. மறுபடி கேட்டால் உன் பேச்சை நம்பவில்லை என்று ஆகாதா?" என்றார். அன்றிலிருந்து யார் எதைக் கொடுத்தாலும் முதல் வார்த்தையிலேயே வாங்கிக்கொள்ளப் பழகினேன். நாளடைவில் நானும் எல்லாரையும் ஒரு முறைதான் கேட்கிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். அது மரியாதை. அங்கே அது மரியாதை.

மூன்றாம் நாள் அண்ணிக்கு மெசேஜ் போட்டேன். நாளைக்கு நாலு மணிக்கு வரலாமா, அரை மணி நேரம் போதும் என்று. உடனே அழைத்துவிட்டார்.

"அண்ணன் வீட்டுக்கு வர்றதுக்கு டைம் கேட்டு மெசேஜா? இது என்னா கிளினிக்கா? வா லா, எப்ப வேணும்னாலும் வா."

"அண்ணே இருப்பாங்களா அண்ணி?"

"இருப்பாரு. உம்முன்னு இருப்பாரு."

5

நானும் மாயாவும் வாடகைக் காரில் பாலத்தைத் தாண்டி சிம்பாங் அம்பாட் போனோம். வீட்டு முன்னால் அண்ணன் கார் மூடியைத் திறந்து உள்ளே எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பசியாறியாச்சா?" என்றார். மாயாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

மாயா நேராகப் போய் அவர் பக்கத்தில் நின்றாள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"மாமா, பாட்டு பிடிக்கலையா? சாரி."

"பாட்டுக்கு என்னா? நல்லாத்தான் இருந்துச்சு. காடி தள்ளுறது உண்மை. டுரியான் விலை கேட்டுட்டு ஓடி வர்றதும் உண்மை." துணியில் கையைத் துடைத்தார். "அந்த மூணாவதுதான்."

"அதுவும் உண்மைதானே மாமா?"

"உண்மைதான்மா. அதான் பேச முடியல."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"விமலா, கை கழுவுற எடத்துல நாலு பேரு கேட்டாங்க. ஏன் குணா, சொந்தத் தங்கச்சி வீட்ட ஒரு தடவகூட எட்டிப் பாக்கலையான்னு. நான் என்னா சொல்லட்டும்? அவ கூப்பிடலன்னு சொல்லவா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் கூப்பிட்டேண்ணே! மாயா பொறந்தப்ப. டிக்கெட் போடுறேன், எந்த மாசம்னு மட்டும் சொல்லுங்கன்னு கேட்டேன். எதுக்கும்மா சிரமம்னு நீங்கதான் சொன்னீங்க."

"ஆமா. சொன்னேன்."

"அப்புறம் என்னாண்ணே?"

"அப்புறம் நீ கேக்கவே இல்லையே."

அண்ணன் துணியைக் கார் மேல் போட்டார்.

"கேட்ட ஒடனே சரின்னு கெளம்பி வந்து நிக்க முடியுமா? மாப்பிள்ளை என்னா நெனைப்பாரு, இதுக்குத்தான் அலைஞ்சுகிட்டு இருந்தான்னு நெனைக்க மாட்டாரு? நீ திரும்பக் கேப்பே, அப்ப சட்டுனு கெளம்பணும்னு பாஸ்போர்ட்ட சாவ விடாம வச்சிருந்தேன். அத போயி பாட்டாக்கிட்டீங்க."

அண்ணி கோப்பித் தட்டோடு வாசலில் வந்து நின்றார். "ஒவ்வொரு தடவையும் போட்டோவுக்குப் புதுச் சட்டை வேற" என்றார். அவர் சிரிக்கவில்லை.

"அங்கல்லாம் ஒரு தடவ வேணாம்னா அதோட விட்டுடணும்ணே. மறுபடி கேட்டா தொல்லை பண்றதா நெனைப்பாங்க" என்றேன். என் குரல் எனக்கே சாக்குச் சொல்வது போல ஒலித்தது.

"அங்க சரி. நான் இங்கதானே இருந்தேன்?" என்றார் அண்ணன்.

அவர் மாடியைக் கை காட்டினார். "இப்பவும் பாரு, ஹோட்டல்ல போயித் தங்கிட்டே. மேல ரூம்பு சும்மா கெடக்கு. உங்கண்ணி மூணு தடவ கூப்பிட்டா. எங்களுக்கு எதுக்கு சிரமம்னு மூணு தடவையும் மாட்டேன்னுட்டே."

அண்ணி கேட்ட மூன்று முறையும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்றாவது முறை லேசான எரிச்சல்கூட வந்தது. வேண்டாம் என்கிறேனே, ஏன் இந்தப் பாடு படுத்துகிறார் என்று.

மாயா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் எளிமையாக இருந்தது.

"மாமா, நீங்க டென்மார்க்குக்கு வாங்க."

"எதுக்கும்மா ஒங்களுக்கு சிரமம்" என்றார் அண்ணன், பழக்கத்தில்.

"ஓ. சரி மாமா" என்றாள் மாயா.

அண்ணி தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அடியே, மறுபடியும் கேளுடி!"

"ஆனா மாமா வேணாம்னு சொல்லிட்டாரே அத்தை?" அவள் உண்மையாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்தான் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. வாய் வரவில்லை. யாரையாவது எதற்காவது இரண்டாம் முறை கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மாயா வீட்டை விட்டுப் போகிறேன் என்றபோது, இன்னும் ஒரு வருஷம் இருக்கலாமே என்று ஒரு தடவை கேட்டேன். இல்லை என்றாள். நான் பெட்டி கட்டிக் கொடுத்தேன்.

"அண்ணே, வாங்கண்ணே" என்றேன்.

"குளுரு ஒத்துக்காதும்மா எனக்கு."

"குளுருல வர வேணாம். வெயில் காலத்துல வாங்க."

"வீட்ட யாரு பாத்துக்கிறது?"

"வாங்கண்ணே. நான் கேக்குறேன்ல." அழுதுவிட்டேன். நடுத்தெருவில், பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கப் பார்க்க அழுதேன்.

அண்ணன் கார் மூடியை இறக்கினார். "சரி, சரி. வர்றேன். இதுக்குப் போயி அழுவுறியா? கோப்பியக் குடி, ஆறிடும்."

நானும் மாயாவும் ஒரே சமயத்தில் போனை எடுத்து நாட்காட்டியைத் திறந்தோம். எந்த வாரம் என்று குறித்துக்கொள்ள வேண்டாமா?

"அத மூடுங்க மொதல்ல, ரெண்டு பேரும்" என்றார் அண்ணி.

6

திரும்பும்போது பாலத்தில் நெரிசல். பிறைத் தொழிற்சாலைகளில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிள்கள் இரு பக்கமும் சீறிக்கொண்டு போயின. ஹோட்டல் அறையைக் காலி செய்துவிட்டு அன்றே சிம்பாங் அம்பாட் மாடியறைக்கு வந்துவிடுவதாக அண்ணியிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். ஒரே தடவையில் சரி என்றதில் அண்ணிக்கு ஏதோ குறைந்த மாதிரி ஆகி, "நெஜமாத்தான் வர்றியா?" என்று இரண்டு முறை கேட்டார். இதில் எப்படி நடந்துகொள்வது சரி என்று இனிமேல்தான் படிக்க வேண்டும்.

மாயா வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு டேனிய மொழியில் கேட்டாள்.

"அம்மா, நீ முதல்முதலில் டென்மார்க்குக்குக் கிளம்பினபோது, போகாதே என்று மாமா எத்தனை தடவை சொன்னார்?"

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வேலை முடிந்து வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "போகத்தான் வேணுமா விமலா? இங்கேயே இருந்துடேன்" என்றார். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, போகத்தான் போகிறேன் என்றேன். "சரிம்மா" என்று எழுந்து போய், திருப்புளி எடுத்து வந்து பெட்டியின் ஆடும் சக்கரத்தை இறுக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

"ஒரு தடவை" என்றேன்.

"ஒரு தடவைதானா?" என்று மாயா ஆச்சரியப்பட்டாள்.

ஒரு கோப்பிக்கே மூன்று முறை உபசரிக்கும் மனிதர். அன்றைக்கு இன்னொரு தடவை கேட்டிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். அது அண்ணனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.